துப்பாக்கிக்கு அழகு எதற்கு?

கேள்வி இதுதான். பழைய ஜெர்மன் லூகர் பிஸ்டல், வால்நட் மரக்கட்டை போட்ட ரைஃபிள், பளபளக்கும் நீல ரிவால்வர் இவற்றைப் பார்த்தால் கண் எடுக்க முடிவதில்லை. இன்று வருபவையோ கறுப்புப் பிளாஸ்டிக்கும் கோணல்மாணலான உலோகமுமாக இருக்கின்றன. அழகை விட்டுக்கொடுத்தால்தான் துப்பாக்கி உருப்படியாக வேலை செய்யுமா? பழைய அழகெல்லாம் வெறும் ஒப்பனைதானா?

அழகுக்கும் பயனுக்கும் சண்டை நடந்தது, அதில் அழகு தோற்றது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய அழகில் பெரும்பகுதி பயனிலிருந்தே பிறந்தது. அதை ஒழித்தது கூலிக் கணக்கு: ஒரு துப்பாக்கியை முடிக்கத் தேர்ந்த கைகள் எத்தனை மணி நேரம் வேண்டும், அந்த நேரத்தில் இயந்திரம் எத்தனை துப்பாக்கி செய்துவிடும் என்ற கணக்கு. இந்த இரண்டு சண்டைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் கேள்விக்கு விடை கிடைக்காமல் போகிறது.

கொல்வதற்கென்று செய்த பொருளை அழகு என்று பேசுவது சிலருக்கு உறுத்தும். உறுத்துவது நியாயம்தான். வாளையும் ஈட்டியையும் பார்த்து வியக்கும்போது நமக்கு அந்த உறுத்தல் குறைவு. அவை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன, துப்பாக்கி இன்னும் போகவில்லை. அந்த உறுத்தலை வைத்துக்கொண்டே வடிவமைப்பைப் பற்றிப் பேசலாம் என்பது என் எண்ணம்.

ஒப்பனை போலத் தெரிகிற ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரின் நடுச்சட்டத்தில் நீலம், பழுப்பு, சாம்பல் என்று நிறங்கள் ஓடும், தண்ணீரில் எண்ணெய் மிதப்பதைப் போல. யாரும் வண்ணம் தீட்டியதில்லை. மென்மையான இரும்புச் சட்டத்தை எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய பெட்டிக்குள் புதைத்து, மணிக்கணக்கில் செஞ்சூட்டில் வைத்திருந்து, அப்படியே தண்ணீரில் கொட்டுவார்கள். கரி இரும்பின் மேல்தோலில் இறங்கி அதைக் கடினமாக்கும். உள்ளே இரும்பு பழையபடி மென்மையாக, அடி தாங்கும் தன்மையோடு இருக்கும். ஒரே துண்டில் தேயாத தோலும் உடையாத உடலும் கிடைத்துவிடுகின்றன. நிறம் அந்த வேலையில் தானாக வந்த மிச்சம். பிறகுதான் வாங்குபவர்கள் நிறத்துக்கு மயங்கினார்கள், பட்டறைக்காரர்களும் நிறம் நன்றாக வரும்படி பெட்டியை அடுக்கக் கற்றுக்கொண்டார்கள். கைபட்டும் வெயில்பட்டும் நிறம் போய்விடும். கடினத்தன்மை போகாது.

குழலில் இருக்கும் கருநீலமும் அப்படித்தான். துருவைத் துருவாலேயே தடுக்கும் வித்தை அது. குழலைச் சுத்தமாகத் துடைத்து, துரு பிடிக்கவைக்கும் கரைசலைத் தடவி, ஈரமான இடத்தில் விட்டுவிடுவார்கள். மேலே மெல்லிய செந்துரு படியும். பிறகு கொதிக்கும் தண்ணீரில் போட்டால் அந்தச் செந்துரு கறுத்துவிடும். மேலே உதிரியாக நிற்பதை மென்கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி கரைசல், மறுபடி துரு, மறுபடி கொதிநீர். பல நாள் இப்படிச் செய்தால் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அடர்ந்த கருநீலத் தோல் கிடைக்கும். பார்க்க அழகு என்பது உண்மை. ஆனால் அதன் முதல் வேலை காவல். பின்னாளில் ராணுவங்கள் பளபளப்பு ஆகாது என்று இதைக் கைவிட்டு, மங்கிய சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சுக்கு மாறின. அது எண்ணெயை இன்னும் நன்றாகவே பிடித்துக்கொள்ளும், செய்யவும் மலிவு, வெயிலில் மின்னாது. இங்கே பயன் ஜெயித்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

மரத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அழகும் பயனும் நிஜமாகவே மோதிக்கொள்கிற இடம் இதுதான். வால்நட் மரத்தைத் தேர்ந்தெடுத்தது நிறத்துக்காக அல்ல. எடைக்குத் தகுந்த வலு உண்டு, உதையைத் தாங்கும், உளிக்கு நன்றாக இடம் கொடுக்கும், நன்றாக உலர்த்திவிட்டால் ஈரக்காற்றில் மற்ற மரங்கள் அளவுக்கு முறுக்காது. ஆனால் எல்லோரும் ஆசைப்படும் அந்தப் புகைச்சுருள் போன்ற ரேகை எங்கிருந்து வருகிறது? வேர் பிரியும் இடத்திலும் கிளை பிரியும் இடத்திலும் மரத்தின் நார்கள் முறுக்கிக்கொண்டு போகும், அங்கிருந்துதான். நார் முறுக்கினால் கண்ணுக்கு விருந்து, வலுவுக்குக் கேடு. துப்பாக்கிக் கட்டையில் மிக மெல்லிய இடம் கழுத்து, விசைக்குப் பின்னால் வலது கை பற்றும் பகுதி. சுடும்போது உதையின் பாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் தோளுக்குப் போகிறது. அங்கே நார் குறுக்கே ஓடினால் என்றாவது ஒருநாள் கட்டை கழுத்தோடு பிளந்துகொள்ளும்.

அதனால் நல்ல கட்டைத் தச்சர் பலகையை எடுத்ததும் ரேகையின் அழகைப் பார்க்கமாட்டார். ஓர் அட்டை வார்ப்பை வைத்து, கழுத்து வரும் இடத்தில் நார் நேராக ஓடுகிறதா, அது கழுத்தின் சாய்வோடு சேர்ந்து இறங்குகிறதா என்று பார்ப்பார். அது சரியாக அமைந்த பிறகுதான் சுருள் எங்கே விழுகிறது என்ற பேச்சு. சுருள் முழுவதும் பின்பக்கம், தோளில் படும் அகன்ற பகுதியில் விழவேண்டும். இந்த இரண்டும் ஒரே பலகையில் அமைவது அபூர்வம். நல்ல கட்டைக்குத் தனியாக அவ்வளவு விலை இருப்பது இதனால்தான். கழுத்திலேயே தீச்சுவாலை போல ரேகை ஓடும் துப்பாக்கியைப் பார்த்தால் நான் கொஞ்சம் தள்ளி நின்று ரசிப்பேன்.

உயர்ந்த ஆங்கிலேய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளின் கழுத்து நேராக, வளைவில்லாமல், ஒடிசலாக இருக்கும். நாசூக்குக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் துப்பாக்கிக்கு இரண்டு விசைகள், குழலுக்கு ஒன்று. முன்விசையை இழுத்ததும் கை அரை அங்குலம் பின்னால் வழுக்கிப் பின்விசைக்குப் போகவேண்டும். கழுத்தில் பிடிவளைவு இருந்தால் அது கையைத் தடுக்கும், நேராக இருந்தால் தடுக்காது. ஒற்றை விசை வந்த பிறகு நேர்க்கழுத்துக்கு இருந்த காரணம் போய்விட்டது, வடிவம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இன்று ஒற்றை விசையோடு நேர்க்கழுத்து வாங்குபவர் அழகுக்காகவே வாங்குகிறார். அதில் தவறில்லை, ஆனால் ‘மரபு’ என்று சொல்லிக்கொள்ளும்போது அதன் காரணம் தெரிந்திருந்தால் நல்லது.

அதே துப்பாக்கிகளில் ஸ்க்ரூ தலைகளைக் கவனியுங்கள். எல்லாத் தலைகளின் வெட்டும் குழலின் போக்கிலேயே, வரிசை பிசகாமல் நிற்கும். முதலில் தலையைக் கொஞ்சம் உயரமாக விட்டுவைத்து ஸ்க்ரூவை முழுவதும் முறுக்கி, வெட்டு எந்தத் திசையில் வரவேண்டும் என்று குறித்து, கழற்றி, வெட்டைப் போட்டு, உயரத்தை அரத்தால் ராவிச் சட்டத்தோடு சமமாக்குவார்கள். ஒரு ஸ்க்ரூவுக்கே இவ்வளவு பாடு. பலன் என்னவென்றால், ஒரு தலை சற்றே திரும்பியிருந்தாலும் அது தளர்ந்துவிட்டது அல்லது தெரியாத கை யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரியும். ஆனால் தலையிலிருந்து சட்டம்வரை சாயத்தில் ஒரு கோடு இழுத்துவைத்தாலும் இதே பலன் கிடைக்கும் என்று ஒருவர் வாதிட்டால் என்னிடம் மறுப்பில்லை. நுண்ணிய செதுக்குவேலை எண்ணெயைத் தேக்கிவைக்கும், ஒளிச்சிதறலைக் குறைக்கும் என்றும் சொல்வார்கள். எனக்கு அது சாக்காகத்தான் படுகிறது. செதுக்குவேலை அழகுக்கு, அந்தஸ்துக்கு. அப்படியே ஒத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? பிடியில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் சிறு கட்டங்கள் மட்டும் விதிவிலக்கு. வியர்த்த கைக்கும் நனைந்த கைக்கும் அவை நிஜமாகவே உதவும்.

இப்போது லூகர். அழகான பிஸ்டல் எது என்று கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

லூகருக்கு முன்னோடி ஹூகோ போர்ஹார்ட் வடிவமைத்த 1893-ஆம் ஆண்டு பிஸ்டல். முழங்கால் போல மடியும் இணைப்பால் குழலை அடைக்கும் உத்தி அதில்தான் கைத்துப்பாக்கிக்கு வந்தது. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியில் ஏற்கெனவே இருந்த உத்தி. வேலை செய்தது. ஆனால் உருவம் கண்றாவி. பிடி செங்குத்தாக நடுவில் நிற்க, பின்னால் சுருள்வில்லை அடைத்த பெரிய உறை கூன் விழுந்தாற்போல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் பிடித்துக் குறிபார்க்க அது தோதான பொருளே இல்லை. கியோர்க் லூகர் அந்த வில்லைக் கழற்றிவிட்டு, வேறுவகை வில்லைப் பிடிக்குள்ளேயே, தோட்டா வரிசைக்குப் பின்னால் நுழைத்தார். கூன் போயிற்று. பிடியைச் சாய்த்தார், கை நீட்டினாலே குழல் இலக்கைப் பார்த்து நின்றது. 1900-இல் சுவிட்சர்லாந்து ஏற்றது, 1904-இல் ஜெர்மன் கடற்படை, 1908-இல் ஜெர்மன் தரைப்படை. கையில் பிடிக்க முடியாத பொருளைப் பிடிக்க முடிந்ததாக மாற்றியதில்தான் இன்று நாம் கொண்டாடும் அந்தக் கோடு கிடைத்தது. அழகு வேண்டும் என்று லூகர் தனியாக எதையும் சேர்த்த மாதிரித் தெரியவில்லை.

பழைய லூகரில் விசை, பாதுகாப்பு நெம்பு போன்ற சிறு பாகங்கள் வைக்கோல் மஞ்சளாக இருக்கும். கருநீல உடலில் அந்த மஞ்சள் அவ்வளவு பொருந்தும். அதுவும் சூடு காட்டிய நிறம். எஃகை மெல்லச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று ஏறும். எந்த நிறத்தில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துக் கடினம் அமையும்.

சரி, இவ்வளவு நல்ல பிஸ்டலை ஏன் விட்டார்கள்? சேறு பட்டால் நின்றுவிடும் என்ற குறை இருந்தது. மடியும் இணைப்பும் இடப்பக்கத்தில் ஓடும் விசைத்தண்டும் வெளியே திறந்து கிடக்கின்றன. தோட்டாவின் வேகம் சீராக இருந்தால்தான் இணைப்பு சரியாக மடியும் என்ற குறையும் உண்டு. ஆனால் அதையெல்லாம் வைத்துக்கொண்டே முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் அது ஓட்டியது. அடி கொடுத்தது வேறு. அதன் பாகங்கள் பெரும்பாலும் கட்டி எஃகிலிருந்து கடைந்தெடுத்தவை, ஒன்றோடொன்று கையால் ராவிப் பொருத்தியவை. ஒரு பிஸ்டலின் பாகம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமுடியாது. அதனால்தான் சின்னஞ்சிறு பாகத்திலும் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். போருக்குத் தயாராகும் தொழிற்சாலைக்கு இது கட்டுப்படியாகுமா? 1938-இல் வால்தரின் பி38 வந்தது. செய்ய எளிது, முதல் தோட்டாவுக்குச் சுத்தியலை இழுத்துவைக்க வேண்டியதில்லை. பார்க்கச் சுமாராக இருக்கும், அவ்வளவுதான்.

கூலிக் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரியும் இடம் தாம்ப்ஸன். அமெரிக்கத் தாம்ப்ஸன் சப்மெஷின் துப்பாக்கியின் (பிஸ்டல் தோட்டாவைத் தொடர்ந்து பொழியும் வகை) 1928-ஆம் ஆண்டு வடிவத்தில் குழலைச் சுற்றிக் குளிர்விக்கும் வளையங்கள், முனையில் உதையை அடக்கும் குழாய், முன்னால் விரல் பதியும் செதுக்கிய பிடி, உள்ளே பித்தளை நிறத்தில் ஒரு பூட்டுத்துண்டு. இரண்டாம் உலகப்போர் தொடங்கும்போது ஒன்று சுமார் 200 டாலர். போரில் லட்சக்கணக்கில் தேவைப்பட்டதும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். வளையங்கள் போயின, முனைக்குழாய் போயிற்று, அந்தப் பூட்டுத்துண்டும் போயிற்று. எம்1ஏ1 என்ற அந்த மொட்டை வடிவம் கடைசியில் 45 டாலர் அளவுக்கு இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், கழற்றியவற்றில் எதுவும் இல்லாமலே துப்பாக்கி நன்றாகச் சுட்டது. பூட்டுத்துண்டு செய்வதாகச் சொல்லப்பட்ட வேலையை அது செய்யவே இல்லை என்று தெரிந்துபோயிற்று. பொறியியல் வேடம் போட்ட அலங்காரம் இருபது வருடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தது!

அதன் அடுத்த படி எம்3. தகடுகளை அச்சில் அழுத்திப் பற்றவைத்தது. செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் முகப்பு விளக்குப் பிரிவு, அதாவது கார் விளக்கு செய்துகொண்டிருந்தவர்கள். விலை ஏறக்குறைய 20 டாலர். மசகுத் துப்பாக்கி என்றே சிப்பாய்கள் அதைக் கூப்பிட்டார்கள்.

பிரிட்டனில் இதைவிட அவசரம். 1940-இல் பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் ஆயுதங்களைப் போட்டுவிட்டு வந்த படைக்கு, நிதானமாகச் செய்ய நேரமில்லை. 1941-இல் ஸ்டென் சப்மெஷின் துப்பாக்கி வந்தது. ஒரு குழாய், ஒரு வில், ஒரு கனமான பூட்டு, பக்கவாட்டில் மேகசின் என்ற தோட்டாக் கூடு, பின்னால் வளைத்த இரும்புக் கம்பி அல்லது குழாய்த் துண்டு. சின்னச் சின்னப் பட்டறைகளில்கூடப் பாகங்கள் செய்தார்கள். மொத்தம் 40 லட்சம் அளவுக்கு வெளியே வந்தது. அதன் அவலட்சணத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள், ஆனால் ஸ்டெனின் உண்மையான குறை முகத்தில் இல்லை, மேகசினில் இருந்தது. இரண்டு வரிசையாக ஏறும் தோட்டாக்கள் மேலே வந்து ஒற்றை வரிசையாக நெருக்கவேண்டும்; கொஞ்சம் அழுக்கு, மேகசினின் வாய் விளிம்பில் ஒரு சின்ன நசுக்கு, அவ்வளவுதான், சிக்கிக்கொள்ளும். ஜெர்மன் மேகசினின் மாதிரியைப் பின்பற்றியபோது கூடவே வந்த குறை அது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி பிறகு நடந்தது. 1944-இல் வந்த ஐந்தாம் வகை ஸ்டெனுக்கு மரக்கட்டையும் மரப்பிடியும் திரும்ப வந்தன. வான்வழிப் படையினர் அதைத்தான் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் சண்டைக்கு எடுத்துப்போனார்கள். உள்ளே இயங்குமுறை அதேதான், மேகசினும் அதேதான். அப்படியென்றால் மரம் எதற்கு? பிடிக்கத் தோதாக இருந்தது ஒரு காரணம். கையில் இருப்பதை நம்பும்படி இருந்தது இன்னொன்று என்று நான் நினைக்கிறேன். உயிரை ஒரு பொருளிடம் ஒப்படைப்பவனுக்கு அந்தப் பொருள் பிளம்பர் மிச்சம்வைத்துப் போனதைப் போலத் தெரியக்கூடாது. தோற்றம் தரும் நம்பிக்கையும் ஒரு பயன்தான். வடிவமைப்பாளர்கள் கணக்கில் எழுதமாட்டார்கள், ஆனால் சிப்பாய் எழுதுவான்.

அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிள் இதற்கு மறுபக்கம். அதை வடிவமைத்தவர் யூஜின் ஸ்டோனர். அவர் வேலை பார்த்த ஆர்மலைட் ஒரு விமான நிறுவனத்தின் பிரிவு. அதனால் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அவர்களுக்குப் பழகிய சரக்கு. மரமும் எஃகுமாகப் பார்த்துப் பழகிய சிப்பாய்கள் அதைக் கையில் வாங்கியதும் பொம்மைக் கம்பெனி செய்தது என்று கிண்டல் செய்தார்கள். வியட்நாமில் 1966, 67-இல் அது சிக்கிச் சிக்கி ஆட்களைக் காவுகொடுத்தபோது ‘பார்த்தாலே தெரியவில்லையா’ என்ற பேச்சு பலமாகிவிட்டது. காரணம் பிளாஸ்டிக்கில் இல்லை. தோட்டாவின் மருந்தை மாற்றினார்கள், குழலின் அறைக்குக் குரோமியப் பூச்சு கொடுக்கவில்லை, துடைக்கும் சாமான்களைப் போதுமான அளவு கொடுக்கவில்லை, துடைக்கவே அதிகம் வேண்டாம் என்ற எண்ணத்தையும் பரப்பியிருந்தார்கள். அதெல்லாம் சரிசெய்யப்பட்ட பிறகு அந்த வடிவம் இன்றுவரை ஓடுகிறது.

அதன் விநோத உருவத்துக்கும் காரணம் உண்டு. பழைய ரைஃபிள்களில் கட்டை குழலுக்குக் கீழே சரிந்து தோளுக்குப் போகும். அந்தச் சரிவு பார்க்க அழகு, ஆனால் உதை வரும்போது முனை மேலே துள்ளும். ஸ்டோனர் கட்டையைக் குழலின் நேர்கோட்டிலேயே வைத்தார், துள்ளல் குறைந்தது. கட்டை உயர்ந்ததும் கண்ணும் உயரவேண்டும், கண் உயர்ந்ததும் குறிக்கருவி உயரவேண்டும். அந்த உயரத்தைத் தாங்க மேலே ஒரு கைப்பிடி வந்தது. சூட்கேஸ் பிடி என்று கேலி செய்யப்பட்டது இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்த விளைவு.

ஏகே-47-இன் வளைந்த மேகசின் இன்னும் நேரடி உதாரணம். உலகத்தில் இவ்வளவு பேர் அடையாளம் காணும் வளைவு வேறு ஆயுதத்துக்கு இருக்குமா தெரியவில்லை. மொசாம்பிக் கொடியில்கூட இருக்கிறது. அந்தத் தோட்டாவின் உறை முன்பக்கம் குறுகலாக இருக்கும். குறுகலான உறை அறையிலிருந்து சுலபமாக உருவிக்கொண்டு வரும், அதற்காகவே அப்படி. குறுகலானவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கு தானாகவே வளையும். முப்பது தோட்டாவின் சரிவைக் கூட்டினால் என்ன வளைவு வருமோ அதுதான் மேகசினின் வளைவு. ஓவியர் யாரும் வரையவில்லை.

பிளாஸ்டிக் வந்த கதையில் ஒரு சின்ன நாடகம் இருக்கிறது. 1959-இல் ரெமிங்டன் நைலான் 66 என்ற சிறு ரைஃபிளைக் கொண்டுவந்தது. கட்டை முழுவதும் நைலான். ஆனால் வாங்குபவர் முகம் சுளிப்பார் என்று பயந்து, பழுப்பு நிறத்தில் மரரேகை மாதிரிக் கோடுகள் ஓடவிட்டார்கள், முன்கட்டையில் வெள்ளை வைரப் பதிப்பு வேறு. மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாத பொருள், மழையில் நனைந்தால் கெடும் பொருளைப் போல நடித்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் எனக்கு அந்தக் கோடுகளைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஏயூஜி அப்படி நடிக்கவில்லை. 1977-இல் அந்நாட்டு ராணுவம் ஏற்றது. பச்சைப் பிளாஸ்டிக் உடல், உள்ளிருக்கும் தோட்டா தெரியும் மேகசின், விசைக்குப் பின்னால் இயங்குபகுதி. குழலைக் குறைக்காமலே மொத்த நீளம் 80 சென்டிமீட்டருக்குள் அடங்கியது. பிளாஸ்டிக்கால் மட்டுமே முடிகிற வடிவத்தைப் பிளாஸ்டிக்கிலேயே செய்தார்கள். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் அது பழசாகத் தெரியவில்லை. அதே நாட்டிலிருந்து 1982-இல் க்ளாக் 17. காஸ்டன் க்ளாக் அதற்கு முன் துப்பாக்கி வடிவமைத்தவர் அல்லர். திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். மேலே ஒரு சதுர எஃகுப் பட்டை, கீழே பாலிமர் சட்டம், மொத்தம் முப்பத்துச் சொச்சம் பாகங்கள். பழைய ஆட்கள் செங்கல் என்றார்கள். கோணங்கள் அப்படி இருப்பதற்குக் காரணம், சதுரக் கம்பியிலிருந்து வெட்ட எவ்வளவு குறைவாக வெட்டமுடியுமோ அவ்வளவுதான் வெட்டியிருக்கிறார். எனக்கும் அது அழகாகத் தெரியாது. ஆனால் அதில் பொய் கிடையாது, அந்த மரியாதையைக் கொடுத்தாக வேண்டும்.

பயன் ஒன்றையே தெய்வமாகக் கொண்டால் என்ன ஆகும் என்று பார்க்க, போட்டித் துப்பாக்கிகளைப் பாருங்கள். 50 மீட்டர் பிஸ்டல் போட்டி 2016 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. அதன் பிடி முழுக் கையையும் சூழ்ந்து மூடிக்கொள்ளும், அந்த ஒருவருடைய கைக்கே மரத்தைக் குடைந்து, மரப்பசை வைத்து நிரப்பி, மறுபடி ராவிச் செய்தது. பார்த்தால் கை விபத்தில் மாட்டிக்கொண்டதைப் போல இருக்கும். பிரிட்டனின் மால்கம் கூப்பர் 1984, 1988 இரண்டிலும் மூன்றுநிலை ரைஃபிள் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அவர் தொடங்கிய நிறுவனம் செய்த ரைஃபிள்தான் 1980-களில் பிரிட்டிஷ் ராணுவத்தின் எல்96ஏ1 ஸ்னைப்பர் ரைஃபிள் ஆனது. அதில் கட்டை என்ற பேச்சே இல்லை. அலுமினியத் தண்டின்மேல் குழலும் இயங்குபகுதியும் இறுகி நிற்க, இருபுறமும் பிளாஸ்டிக் ஓடுகள் மூடியிருக்கும். மரம் ஈரத்தில் ஊதிக் குழலை அழுத்தினால் குண்டு விழும் இடம் மாறும். முனைவரை மரம் போர்த்திய பழைய ஆஸ்திரிய வேட்டைத் துப்பாக்கிகளின் கம்பீரத்துக்குப் பின்னால் இந்தத் தலைவலி எப்போதும் உண்டு. கூப்பரின் வடிவத்தில் குழல் எதையும் தொடாமல் தனியாக நிற்கும். குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் தெரியும் அந்த இடைவெளியைப் பழைய தச்சர் பார்த்தால் வேலை தெரியாதவன் செய்தது என்பார். இன்று அந்த இடைவெளி இல்லாவிட்டால்தான் சந்தேகப்படுகிறோம்.

இத்தாலியின் சியாப்பா ரைனோ ரிவால்வரும் இந்த வகை. மற்ற ரிவால்வர்களில் உருளையின் மேல் அறை சுடும், இதில் கீழ் அறை சுடும். குழல் கைக்கு நெருங்கி வருவதால் துள்ளல் வெகுவாகக் குறையும். எமிலியோ கிசோனியின் யோசனை. நூறு வருடம் பழகிய கண்ணுக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. கணக்குப்படி பார்த்தால் மற்றவைதான் தலைகீழ்.

இதுவரை பயனின் பக்கம் பேசியதால், பயன் என்ற பெயரில் நடக்கும் வேஷத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்று கடையில் ‘டாக்டிகல்’ என்று விற்பதில் பாதி, பழைய செதுக்குவேலையின் தம்பிதான். துணைக்கருவிகளை மாட்டப் பல்வரிசையாக வெட்டிய பட்டை, 1995-இல் வரையறுக்கப்பட்ட பிக்காட்டினி பட்டை, அருமையான கண்டுபிடிப்பு. எந்தக் குறிக்கருவியையும் எந்தத் துப்பாக்கியிலும் மாட்டலாம். ஆனால் குழலின் நாலு பக்கமும் அதைப் போட்டு, ஒன்றும் மாட்டாமல் வைத்திருந்தால் எடை கூடும், பல்வரிசை கையைக் கிழிக்கும், அவ்வளவுதான். பிற்பாடு தேவையான இடத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளும் துளை முறைகள் வந்து அந்தப் பட்டைகளைத் துரத்தின. துப்பாக்கி மறுபடி ஒல்லியானது, அழகும் கூடிற்று. டெசர்ட் ஈகிள் பிஸ்டல் ஏறக்குறைய 2 கிலோ. திரையில் அதற்கு இருக்கும் மவுசுக்கும் இடுப்பில் அதற்கு இருக்கும் மதிப்புக்கும் சம்பந்தமே இல்லை.

கடைசியாக கோல்ட் பைத்தான். அழகா பயனா என்ற கேள்வியின் எல்லா முடிச்சும் அந்த ஒரு ரிவால்வரில் இருக்கிறது. 1955-இல் வந்தது. குழலுக்கு அடியில் முனைவரை ஓடும் கனமான தண்டு முனையைத் துள்ளாமல் அழுத்திப் பிடிக்கும், அது பயன். குழலின் மேல் துளையிட்ட பட்டை, வேட்டைத் துப்பாக்கியிலிருந்து இரவல். அங்கே அது குழலின் கானல் கண்ணை மறைக்காமல் காக்கும், ஆறு தோட்டா சுடும் ரிவால்வருக்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை, அதனால் இங்கே அலங்காரம். ஆழ்ந்த நீலப் பளபளப்புக்குப் பின்னால் மெருகேற்றும் சக்கரத்தில் தேர்ந்த ஆட்கள் செலவழித்த மணிகள். வெண்ணெயாக இழுபடும் விசைக்குப் பின்னால் ஒவ்வொன்றாகக் கையால் பொருத்திய பாகங்கள். அந்தக் கைகளுக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாமல்தான் 1990-களின் இறுதியில் வழக்கமான உற்பத்தி நின்றது. யாரும் பைத்தான் சுடாது என்று சொல்லவில்லை.

2020-இல் கோல்ட் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. துருப்பிடிக்காத எஃகு, கணினி இயக்கும் இயந்திரத்தில் கடைந்த பாகங்கள், கையால் ராவும் வேலை மிகக் குறைவு, பின்குறிக்கு அடியில் சட்டத்தில் கூடுதல் எஃகு. பழையதைவிட வலு அதிகம், சீரும் அதிகம். துளைப்பட்டையை மட்டும் அப்படியே வைத்துவிட்டார்கள். அதை எடுத்திருந்தால் வேலை மிச்சம், சுடுவதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. எடுத்திருந்தால் யாரும் வாங்கியிருக்கமாட்டார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.